பாதி வண்டி

அந்தக் கூடையைக் கால் படாம கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறியா கண்ணு. உடையற சாமான் ஒண்ணு இருக்கு. பாத்திரமா இருந்தா நானே மேல போட்டிருப்பேன். ரோபோ. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். துண்டை விலக்கிப் பாரு. வயர் கூடையில வெண்டைக்காய் கொண்டுபோற பொம்பளைன்னு நினைச்சிருப்பே, இல்ல?

உன் கழுத்துல தொங்கற அட்டையைப் பாத்துட்டுத்தான் இந்த சீட்டுல வந்து உக்காந்தேன். சேலத்துல ஏறும்போதே பாத்தேன், எலக்ட்ரானிக்ஸ்னு போட்டிருந்துச்சு. நீயும் ஓசூர்தானே? நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு ஒத்தாசை வேணும். இந்த வண்டியைக் கழட்டி, முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கணும். ஓசூர் போறதுக்குள்ள ஆக்கணும். ஆக்கிட்டா என் புள்ள என்கூட ஊருக்குத் திரும்பி வரும். ஆக்கலேன்னா திங்கக்கிழமை அவ மாமன் ஆத்தூருக்கு வந்து, பள்ளிக்கூடத்துல டிசியை வாங்கிட்டுப் போயிருவாரு. அவ்வளவுதான் விஷயம்.

இரு, அவசரப்படாத. ஸ்க்ரூ டிரைவர் பையில இருக்கு, தர்றேன். முதல்ல நடந்ததைக் கேளு. கேக்காம கழட்டினா யார் பக்கம் நியாயம்னு உனக்குத் தெரியாமப் போயிரும்.

என் பேரு கோகிலவாணி. ஆத்தூர்ல ரவிக்கை தைக்கிறேன். வீட்டு முன்னறையிலயே மிஷின் போட்டிருக்கேன். எனக்குக் கல்யாணம் ரொம்பத் தள்ளிப்போச்சு. தோஷம்னாங்க, கிரகம்னாங்க, கடைசியில ரெண்டாந்தாரமா வந்து விழுந்தேன். விழுந்தேன்னு சொல்லக் கூடாது, மனுஷன் நல்லவரு. அங்கமுத்துன்னு பேரு. லாரி ஓட்டறாரு. நாக்பூர் லோடு, இந்தூர் லோடுன்னு போனா வீடு திரும்ப வாரக்கணக்காகும். வந்தாலும் தூங்கிட்டுப் போறதுக்குத்தான் வருவாரு. மூத்தவங்க பேரு தேன்மொழி. பாலிடெக்னிக்குல லேப்புல வேலை பாத்தவங்களாம். காமாலை முத்திப் போய்ச் சேந்துட்டாங்க. அவங்க விட்டுட்டுப் போனது ஒரே ஒரு புள்ள, மதிவதனி. அம்மா போனப்ப ஏழு வயசு. இப்ப ஒன்பதாவது படிக்குது.

சித்தின்னா கொடுமைக்காரின்னு உலகமே முடிவு பண்ணி வெச்சிருக்கு. என் வீட்டுக்கு வந்து பாரு. அதுக்கு ஒரு நாள் பழைய குழம்பு ஊத்தியிருப்பேனா? தலைவலின்னா பள்ளிக்கூடத்துக்கே போய்க் கூட்டிட்டு வந்திருக்கேன். பாவாடை, சுடிதார், எல்லாம் என் கையால தைச்சதுதான். அளவு கூட எடுக்கறதில்ல, கொடியில காயற துணியைப் பாத்தே தைச்சிருவேன். ஏன்னா நான் டேப்பை எடுத்துட்டுப் பக்கத்துல போனா புள்ள ஒரு எட்டு பின்னால போகும். சரி, கூச்சம்னு விட்டுட்டேன்.

அம்மான்னு கூப்பிட வேணாம். நான் கேக்கலை. சித்தின்னாவது கூப்பிடலாம்ல? ‘ஏங்க’ங்குது. ‘ஏங்க, கேஸ் தீந்துருச்சுங்க’, ‘ஏங்க, நாளைக்கு லீவுங்க’. ரவிக்கை தைக்கக் குடுத்துட்டு வாங்க வந்தவங்க மாதிரி. நானும் எத்தனை நாளு பொறுக்கிறது? வெளியில ஒருத்தர்கிட்டச் சொல்ல முடியுமா? சொன்னா, ‘நீ என்ன பண்ணினே’ன்னு என்னைத்தான் திருப்பிக் கேப்பாங்க.

இப்படி இருக்கையில பள்ளிக்கூடத்துல ரோபோ வகுப்புன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. புள்ளைக்கு அதுல உசுரு. எனக்கு எப்படித் தெரியும்கிறே? அவ மாமன்கிட்ட போன்ல பேசிச் சிரிச்சுச்சு. செழியன்னு, ஓசூர்ல ஏதோ கம்பெனியில இருக்காரு. நான் இந்தப் பக்கம் காஜா எடுத்துக்கிட்டே கேட்டுட்டு இருந்தேன். அந்தச் சிரிப்பை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்ல. அடடா, இந்தப் புள்ளைக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமான்னு ஆயிப்போச்சு. சரி, வழி கிடைச்சிருச்சுன்னு நினைச்சேன்.

பொறந்தநாளுக்கு ஒரு ரோபோ கிட் வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பொண்ணை விட்டு போன்ல ஆர்டர் போட்டேன். நல்ல பெட்டி, மேல படமெல்லாம் போட்டு. கையில குடுத்தேன். வாங்கி, ‘தேங்க்ஸ்ங்க’ன்னுச்சு. கொண்டுபோய் அலமாரி மேல வெச்சுச்சு. வெச்சதோட சரி. இன்னிக்குப் பிரிக்கும், நாளைக்குப் பிரிக்கும்னு நான் தினம் எட்டிப் பாக்கறேன். பெட்டியில ஒட்டின டேப்பு அப்படியே இருக்கு. தூசி படிய ஆரம்பிச்சிருச்சு. ஒரு பொருள் வீட்டுல சும்மா கிடந்தா எனக்கு ஆகாது கண்ணு. அதுவும் நான் ஆசையா வாங்கின பொருளு.

அதனால நானே பிரிச்சேன். தப்பா? நீயே சொல்லு. எனக்காகவா பிரிச்சேன்? நான் கத்துக்கிட்டா, புள்ளை பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்தை பேசலாம், ‘இந்த ஒயர் எங்க போகும் வதனி’ன்னு கேக்கலாம்னுதான். அவளுக்காகத்தான் ஆரம்பிச்சேன்.

அவ பள்ளிக்கூடம் போனதும் மிஷின் மேலயே கடை பரப்பிருவேன். போனைச் சுவத்துல சாத்தி வெச்சு வீடியோவைப் போட்டுக்குவேன். தமிழ்ல சொல்லிக் குடுக்கற தம்பி ஒருத்தர் இருக்காரு, என்ன பொறுமை அவருக்கு. முதல்ல ஒரு சின்ன பல்பை மின்ன வைக்கணும். வெச்சேன். மின்னலை. திருப்பி மாட்டினேன். மின்னலை. மத்தியானம் சாப்பாடு இறங்கலை எனக்கு. அப்புறம் பாத்தா பல்போட கால் ரெண்டையும் மாத்திச் சொருகியிருக்கேன். மாத்தினதும் மின்னுச்சு பாரு. நான் பத்தாவதோட நின்னவ. என் பேச்சை எங்கப்பன் கேட்டதில்ல, வீட்டுக்காரர் கேட்டதில்ல, இந்தத் தம்மாத்துண்டு சர்க்யூட் பலகை கேட்டுச்சு. மின்னுன்னா மின்னுது, நில்லுன்னா நிக்குது. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

ரவிக்கை குடுத்தவங்கெல்லாம் திட்ட ஆரம்பிச்சாங்க. முகூர்த்த ரவிக்கையே தள்ளிப்போச்சு. திட்டட்டும். கை பழகப் பழக எனக்கு நல்லா வந்துச்சு. ஊசி பிடிச்ச கைதானே. கண்ணு மாதிரி ரெண்டு வட்டம் இருக்குமே அந்த சென்சார், எதிர்ல ஆள் இருந்தா கண்டுபிடிக்கும், அதைக் கூட மாட்டிட்டேன். ஆனா வண்டி ஓடலை. அதுல வந்த மோட்டார் நோஞ்சான். சக்கரம் பிளாஸ்டிக்கு, எங்க வீட்டுச் சிமெண்டுத் தரையில வழுக்கிக்கிட்டு நின்ன இடத்துலயே சுத்துது. வீடியோ தம்பி என்ன சொல்றாரு? பழைய கிட் ஏதாவது வீட்டுல இருந்தா அதோட மோட்டாரையும் சக்கரத்தையும் எடுத்துப் புதுசோட சேத்துக்கலாம்னு சொல்றாரு.

பழைய கிட் வீட்டுல இருந்துச்சு.

பீரோ மேல. தகரப் பெட்டி. மூத்தவங்க உசுரோட இருந்தப்ப புள்ளைக்கு வாங்கினது. ரெண்டு பேரும் சேந்து பண்ண ஆரம்பிச்சிருக்காங்க, அப்புறம் அவங்களுக்கு முடியாமப் போயிருச்சு. நான் அந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து அது அங்கயே இருக்கு. தூசி தட்ட இறக்கினாக்கூட புள்ள வந்து நிக்கும். நான் திரும்ப மேல வெச்சதும் போயிரும். திறந்து பாத்தா, பாதி வண்டி. இரும்புச் சட்டம், ஓட்டை ஓட்டையா இருக்கும்ல, அதை மாட்டினது பாதி மாட்டாதது பாதி. ரப்பர் சக்கரம் பெருசு பெருசா. மோட்டார் ஒவ்வொண்ணும் கையில வெச்சா கனக்குது. அந்தக் காலத்துப் பொருள்னா பொருள்தான்.

பாதியில விட்ட வேலை வீட்டுல இருக்கக் கூடாது கண்ணு. நான் தைக்க எடுத்த துணியை அரைகுறையா வெச்சுட்டு விளக்கேத்த மாட்டேன். தரித்திரம். அது எத்தனை வருஷமா அப்படியே கிடக்குது? அந்த வீட்டுல ஒண்ணும் விளங்காமப் போனதுக்கு அதுவே கூடக் காரணமா இருக்கலாம்.

புள்ளைகிட்டக் கேட்டியாங்கிறே. நீ கேக்கறது புரியுது. கேட்டா வேணாம்னுதான் சொல்லும். சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்? அதனால நான் முறைப்படி பெரியவங்ககிட்டயே கேட்டுட்டேன். தேன்மொழி அக்காகிட்ட.

உங்க பக்கம் பூவாடைக்காரி கும்பிடறது உண்டா? இல்லையா? எங்க பக்கம் உண்டு. சுமங்கலியாப் போன பொம்பளை அந்த வீட்டுக்குச் சாமி. வருஷத்துக்கு ஒரு தரம் புதுச் சேலை எடுத்து, பூ வெச்சு, பலகாரம் வெச்சு, முறத்துல படைக்கணும். படைச்சு முடிச்சு அந்தச் சேலையை ரெண்டாந்தாரமா வந்தவ உடுத்திக்கணும். அவங்க குடுத்ததா அர்த்தம். கல்யாணமானதுலருந்து ஒரு வருஷம் தவறவிட்டதில்ல நானு. அவங்களுக்குப் பிடிச்ச நிறம் என்னன்னு வீட்டுக்காரரைக் கேட்டு, மாம்பழக் கலர்லதான் எடுப்பேன். எனக்கு அந்தக் கலர் ஒத்தே வராது, முகம் இன்னும் கறுத்துத் தெரியும். இருந்தாலும் உடுத்துவேன். எந்த இளையதாரம் இவ்வளவு பண்ணுவா சொல்லு.

இந்த வருஷம் சேலைக்குப் பக்கத்துல அந்தத் தகரப் பெட்டியையும் வெச்சேன். மஞ்சத்தண்ணி தெளிச்சு, குங்குமம் வெச்சு, ‘அக்கா, உங்க வீட்டை எனக்குக் குடுத்தீங்க, உங்க புருஷனைக் குடுத்தீங்க, இதையும் குடுங்க. உங்க புள்ளைக்காகத்தான் கேக்கறேன்’னு வாய்விட்டுக் கேட்டேன். போட்டோ மேல பூ வெச்சு உத்தரவு கேட்டேன். வலப்பக்கம் விழுந்தா சரின்னு அர்த்தம், இடப்பக்கம்னா இல்ல. நான் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வலப்பக்கமா விழுந்துச்சு. ஃபேன் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. அதுக்கென்ன, விழறது விழறதுதானே.

வதனி அங்கதான் நின்னுச்சு. சேலைக்குப் பக்கத்துல பெட்டியைப் பாத்துச்சு. அம்மாவுக்குப் படைக்கத்தான் வெச்சிருக்கேன்னு நினைச்சிருக்கும் போல. அன்னிக்குத்தான் அது என் பக்கத்துல வந்து நின்னு கும்பிட்டுச்சு. எத்தனை பூசைக்கு அந்த மூலையில போய் நின்ன புள்ள. தோள் இடிக்கிற மாதிரி நின்னுச்சு. அக்காவே அனுப்பி வெச்ச மாதிரி இருந்துச்சு.

மறுநாளே வேலையை ஆரம்பிச்சுட்டேன்.

முதல்ல எல்லாத்தையும் கழட்டினேன். ஸ்க்ரூவெல்லாம் கோணலா முறுக்கியிருந்தாங்க, பாதி மரை போயிருந்துச்சு. சின்னப் புள்ள கை பட்டதுன்னு பாத்தாலே தெரியுது. அதையெல்லாம் எடுத்து ஈயம் பித்தளைக்காரன்கிட்டப் போட்டுட்டு புது ஸ்க்ரூ வாங்கினேன். சட்டத்தை மண்ணெண்ணெயில ஊறப்போட்டு பிரஷ்ஷால தேச்சேன். ஒயர் நுனியில, சொன்னா சிரிப்பே, சிவப்பா நகப்பாலிஷ் பூசியிருக்கு. ஒண்ணுல பூசியிருக்கு, அடுத்ததுல இல்ல, அதுக்கடுத்ததுல பூசியிருக்கு. விளையாட்டு. தின்னர் போட்டு அதையும் துடைச்சேன். என்ன சொன்னே? பிளஸ்ஸுக்கு அடையாளமா வெச்சிருப்பாங்களா? இருக்கும். லேப்புல வேலை பாத்தவங்கதானே. அது எனக்குத் தோணலை. நான் என் கணக்குக்குச் சிவப்பு நூல் கறுப்பு நூல் சுத்திக்கிட்டேன், இங்க பாரு, பிரியவே பிரியாது.

பழசையும் புதுசையும் சேக்கறது லேசுன்னு நினைச்சேன். பழசோட பிளக்கு வேற, புதுசோட ஓட்டை வேற. பழசோட மூக்கை வெட்டி, ஒயரைச் சீவி, நேரா புதுப் பலகையில முறுக்கிட்டேன். சுவிச்சைப் போட்டேன். ஒரு வாசம் வந்துச்சு பாரு, தீஞ்ச ரப்பர் வாசம். பலகை காலி. அன்னிக்கு நான் அழுததை என் புருஷன் செத்தாக்கூட அழமாட்டேன், அவரு நூறு வருஷம் இருக்கட்டும்.

இன்னொரு பலகை வாங்க சேலத்துக்கே போனேன். கடைக்காரரு சிரிக்கலை. ஆரம்பத்துல எல்லாரும் பண்ற தப்புதான்னாரு. பழைய மோட்டார் இழுக்கிற கரண்டு புதுசுக்குத் தாங்காதாம். நடுவுல ஒரு சின்ன பலகை வைக்கணுமாம். பழசுக்குத் தனி பேட்டரி, புதுசுக்குத் தனி பேட்டரி. அது அதுக்கு அதோட சக்தி. மைனஸை மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணாச் சேக்கணும். அது சேரலேன்னா ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்கு விளங்காது. உனக்குத் தெரிஞ்சதுதான். எனக்குப் புதுசு. வீட்டுக்கு வந்து அதே மாதிரி பண்ணினேன். தரையில வெச்சு விட்டேன். ஓடுச்சு கண்ணு. அம்மிக்குழவி உருள்ற மாதிரி கடகடன்னு ஓடி, சுவத்துக்கிட்டப் போய், தானா நின்னு, தானா திரும்புச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணு கை தட்டுச்சு. அரைகுறையா எத்தனையோ வருஷம் கிடந்தது, நான் முடிச்சுட்டேன். அக்கா பாத்தாக்கூட மெச்சிப்பாங்கன்னு நினைச்சேன்.

வதனி பள்ளிக்கூடம் விட்டு வந்துச்சு. செருப்பைக் கழட்டறதுக்குள்ள நான் சுவிச்சைப் போட்டுட்டேன். வண்டி நேரா அதுகிட்டப் போச்சு. காலுக்கு ஒரு சாண் முன்னால நின்னுச்சு. சென்சார் வேலை செய்யுது பாரு. நான் இங்கருந்து, ‘பயப்படாத, இடிக்காது’ன்னேன்.

புள்ள குனிஞ்சு பாத்துச்சு. பையைக் கூட இறக்கலை. தரையில உக்காந்துச்சு. வண்டியைக் கவுத்து வெச்சுச்சு. சக்கரம் மேல சும்மா சுத்துது. ஒயரை ஒண்ணு ஒண்ணா விரலால தடவிப் பாத்துச்சு. எதையோ தேடற மாதிரி. ‘இதுல சிவப்பு இருந்துச்சே’ன்னுச்சு. ‘துடைச்சுட்டேன், பாரு எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு’ன்னேன். ‘பழைய ஸ்க்ரூ?’ன்னுச்சு. ‘அது எதுக்குச் சாமி, எல்லாம் மரை போனது, போட்டுட்டேன்’னேன்.

கத்தலை. கத்தியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கத்தியிருப்பேன், சரியாப் போயிருக்கும். அது சுவிச்சை அணைச்சுச்சு. மெதுவாச் சொல்லுச்சு, ‘எங்கம்மா சேலை, நகை, தட்டு, எல்லாம் உங்ககிட்டத்தான் இருக்குது. அது மட்டும்தான் அம்மா விட்ட மாதிரியே இருந்துச்சு’ன்னு. ‘முடிக்கத் தெரியாமயாங்க நான் வெச்சிருந்தேன்?’னு கேட்டுச்சு.

நான் என்ன திருடினேனா? முறையாப் படைச்சு, உத்தரவு கேட்டு எடுத்ததைத் திருட்டு மாதிரி பேசினா மனசு என்ன பாடு படும்? நானும் சொன்னேன். ‘உங்கம்மாகிட்டக் கேட்டுத்தான் எடுத்தேன், பூக் குடுத்தாங்க’ன்னு சொன்னேன். அப்பதான் புள்ள மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. அது வரைக்கும் வெறுப்பாத்தான் பாத்துச்சு, வெறுப்பு எனக்குப் பழக்கம். இது வேற. ‘நான் கும்பிட்டேனே’ன்னு ஒரே வார்த்தை சொல்லுச்சு. சொல்லிட்டு உள்ள போயிருச்சு. மாமனுக்குப் போன் பண்ணியிருக்கும் போல, அன்னிக்கு ராத்திரியே அவரு வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டா, அவரு நாக்பூர்ல டோல்கேட்டுல நிக்கறேங்கறாரு. ‘ரெண்டு பேரும் என்னமோ பண்ணிக்கங்க, என்னை விட்டுருங்க’ங்கறாரு. வீடு எப்படி இருக்குங்கிறே? புள்ள இருந்தப்பவும் சத்தம் இல்ல, போனப்புறமும் சத்தம் இல்ல. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல கண்ணு. நான் பாட்டுக்கு ரெண்டு பேருக்கு உலை வெச்சுடறேன். மிச்சத்தை நாய்க்குப் போடறேன்.

நேத்து செழியன் போன் பண்ணினாரு. டிசி வாங்க வர்றேன்னாரு. நான் அழுதுட்டேன். அந்தாளு இளகி, போனைப் புள்ளைகிட்டக் குடுத்தாரு. அப்புறம், ‘அதை அம்மா விட்ட மாதிரியே வெச்சு எடுத்துட்டு வாங்க. வரேன்’னுச்சு.

பாரு, வரேன்னுச்சு. எனக்கு அது போதும்னு ஆயிருச்சு. கழட்டறதுதானே? தைச்சவளுக்குப் பிரிக்கத் தெரியாதா? நேத்தே பண்ணியிருப்பேன். ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுத்தேன். மனசு வரலை. ஒரே ஒரு தரம் ஓட்டிப் பாத்துட்டுக் கழட்டலாம்னு விட்டேன். மிஷினைச் சுத்தி வந்து என் காலுக்கிட்டயே வந்து நின்னுச்சு. நான் பெத்த புள்ள கூட, பெத்திருந்தா, அப்படி வந்து நிக்குமான்னு தெரியலை. அப்படியே தூக்கிக் கூடையில வெச்சுட்டு பஸ் ஏறிட்டேன். வழியில கழட்டிக்கலாம், யாராவது கெட்டிக்காரப் புள்ள கிடைக்கும்னு ஒரு நம்பிக்கை. நீ கிடைச்சே.

தருமபுரி தாண்டிருச்சா? சரி, இனிமே தாமசிக்க முடியாது. இந்தா, ஸ்க்ரூ டிரைவர். மடியில இந்தத் துண்டை விரிச்சுக்க, பஸ்ஸு குலுங்குது, நட்டு உருண்டு ஓடிரும். அந்தச் சின்ன பலகையை முதல்ல எடு. ஆமா, அது புதுசு. சென்சார் கண்ணு ரெண்டையும் எடுத்துரு. அதுவும் புதுசு. புதுசெல்லாம் இந்தப் பக்கம் குடு, நான் ரவிக்கைத் துணியில சுத்தி வெச்சுக்கறேன். அந்த நீல ஒயரு நான் சேத்த மைனஸ். வெட்டிரு. வெட்டிரு, பரவால்ல.

இப்ப மிச்சம் இருக்கறது எல்லாம் பழசுதான். பாத்தியா, எவ்வளவு சுளுவா முடிஞ்சிருச்சு. இனிமே அக்கா விட்ட இடம் வரைக்கும் கழட்டினாப் போதும்.

என்ன கேட்டே?

எத்தனை சக்கரம் மாட்டியிருந்துச்சா? மூணு. இல்ல, ரெண்டு மாட்டியிருந்துச்சு, ஒண்ணு தனியா பெட்டியில கிடந்துச்சு. இல்ல கண்ணு, அது நான் கழட்டிப் போட்டதா, முன்னயே கிடந்ததா? இந்த நீளச் சட்டம் மேல இருந்துச்சு. பக்கவாட்டுல இருந்துச்சோ? இரு, அவசரப்படுத்தாத. எந்த ஒயர்ல சிவப்பு இருந்துச்சுன்னா கேக்கறே? ஒண்ணு விட்டு ஒண்ணு. எதுல ஆரம்பிச்சு ஒண்ணு விட்டு ஒண்ணுன்னு கேட்டா நான் எங்க போவேன்?

போன்ல போட்டோ இருக்கு, இரு. நான் தினம் எடுத்து வெச்சேன். இதோ. இது பல்பு மின்னினது. இது பலகை தீஞ்சது. இது ஓடுனது, பக்கத்து வீட்டுப் பொண்ணு எடுத்தது, நான் சிரிக்கிறேன் பாரு. பின்னால போ. இன்னும் பின்னால. இது பேப்பர்ல சட்டத்தையெல்லாம் கழுவிக் காயவெச்சது. அதுக்கு முன்ன?

அதுக்கு முன்ன இல்ல. அது சேலையோட படைச்ச பலகார போட்டோ, அதுல பெட்டி மூடியிருக்கு.

திறந்ததும் நான் மோட்டாரைத்தான் பாத்தேன் கண்ணு. கையில எடுத்துக் கனம் பாத்தேன். என்ன மாட்டியிருக்கு, எங்க மாட்டியிருக்குன்னு யாரு பாத்தா? கழட்டப்போற சாமானை யாரு உத்துப் பாப்பா? நீ படிச்ச புள்ள, பாத்தாலே தெரியாதா, எது முதல்ல மாட்டினதுன்னு? தெரியாதா? எல்லா ஸ்க்ரூவும் ஒரே மாதிரி புதுசா இருந்தா எப்படித் தெரியும்கிறே. ஆமா. அதுவும் சரிதான்.

சும்மா ஏதோ ஒரு மாதிரி பாதியா மாட்டி வெச்சிரு. ரெண்டு சக்கரம், ஒரு சட்டம். ஏழு வயசுல பாத்தது, அதுக்கு மட்டும் எங்க ஞாபகம் இருக்கப் போகுது?

வேணாம். வெச்சுரு. கையை எடு. அதுக்கு ஞாபகம் இருக்கும். பீரோ மேலருந்து அது இறக்கிப் பாக்காத நாள் இருந்திருக்காது, நான் கடைத்தெருவுக்குப் போற நேரமாப் பாத்து. அதுக்கு ஒவ்வொரு நட்டும் தெரியும்.

கடைக்காரருக்குத் தெரியாது. வீடியோ தம்பிக்குத் தெரியாது. அக்காகிட்டப் பூக் கேட்டு இதைத் தெரிஞ்சுக்க முடியாது. அவகிட்டத்தான் கேக்கணும். எந்த ஸ்க்ரூ எங்க இருந்துச்சுன்னு, எதுல சிவப்பு இருந்துச்சுன்னு, பக்கத்துல உக்காந்து அவளைத்தான் கேக்கணும்.

அது என்ன ஊரு, கிருஷ்ணகிரியா? அப்ப ஓசூர் வந்துரும். எல்லாத்தையும் கூடையில போட்டுரு கண்ணு, தனித்தனியா வேணாம், சும்மா போடு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிக் குடு. உங்கம்மா உன்கிட்ட ஏதாவது கேக்கணும்னா எப்படிக் கேப்பாங்க? முதல்ல என்ன சொல்வாங்க?